இணையமும் தலைமையில்லாத் திரளும்

ஏறுதழுவல் முல்லைக்கலியிற் பேசப்பெறும் தொன்மையுடையது. அதன்பொருட்டு 2017 சனவரியில் சென்னை மெரினாவில் எழுந்த கிளர்ச்சியோ வடிவாற் புதியது. அவ்வடிவின் இயல்பினை ஈண்டு ஆராய்வோம்.

2014 மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 பொங்கலையொட்டி அலங்காநல்லூரிற் போராடியோர் கைது செய்யப்பெற்ற செய்தி முகநூலிலும் வாட்ஸப்பிலும் பரவிற்று. சனவரி 17-ஆம் நாள் மெரினாவில் இளைஞர் கூடினர். நாடோறும் கூட்டம் பெருகிற்று.

1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் மாணவர் குழுக்களும், மேடைகளும், துண்டறிக்கைகளும் செய்தியைக் கொண்டுசென்றன. ஆண்டுச் சொல்வோரும் கேட்போரும் வேறுவேறாயினர். கைப்பேசியிலோ கேட்பவன் எவனும் அக்கணமே சொல்பவனும் ஆகின்றான். ஆதலின் ஒரு தலைவரைச் சிறைப்படுத்தித் திரளைக் கலைத்தல் இயலாதாயிற்று. இதுவே அதன் வலிமை.

அவ்வலிமையே மெலிவுமாயிற்று என்பது நம் கருத்து. சனவரி 21-ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்தது. நிலைத்த சட்டமே வேண்டும் என மக்கள் நின்றமையின், மறுநாள் அலங்காநல்லூரில் முதலமைச்சர் விளையாட்டைத் தொடங்கிவைக்க இயலவில்லை. 23-ஆம் நாட் காலையிற் காவலர் மெரினாவிலிருந்தோரை வலிந்து அகற்றினர், வன்முறை மூண்டது. அன்று மாலையே சட்டமன்றம் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது.

அவசரச் சட்டத்தின்மீது கொண்ட ஐயமே கூட்டம் கலையாமைக்குக் காரணம் என்பாரும் உளர். அவ்வையம் பொருந்துவதே. ஆயினும், ஒரு பகற்பொழுதுக்கு வேண்டிய உறுதியை அனைவர் சார்பிலும் அளிக்கவும் பெறவும் உரிமையுடையார் ஒருவரும் அத்திரளில் இலர். இது கூறுவதனாற் காவலர் செயல் நியாயமாகிவிடாது. ஆணையிட்டோர் பொறுப்பு அவர்களுடையதே.

பிறிதொன்றும் நோக்கற்பாலது. அன்று துரத்தப்பட்ட மாணவர்க்கு அடைக்கலம் தந்தோர் கடற்கரைக் குப்பங்களின் மீனவ மக்கள். அதன் பயனாக நடுக்குப்பத்து மீன்சந்தை தீக்கிரையாயிற்று. திரட்டியது இணையம், காத்தது அண்டைமை.

2023 மே 18-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கோரிக்கை வென்றது. எனினும், விரைந்து திரளும் மக்கள் தம்முள் ஒருவரை நம்பிச் சொல்லுரிமை வழங்கும் முறையை இன்னும் கண்டிலர். வருங்காலக் கிளர்ச்சிகளின் வரலாற்றை எழுதுவோர் எத்துணைப் பேர் கூடினர் என்பதனோடு, அவர்க்காகப் பேச யார் இருந்தனர் என்பதனையும் வினவுதல் வேண்டும்.