சிறு பண்ணை உணவுகளும் உணவுப் பாதுகாப்புச் சட்டமும்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

பத்மநாபபுரம், தக்கலை சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளுக்குப் பால், முட்டை, வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேன் ஆகியவை அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளிடமிருந்தே கிடைக்கின்றன. இவை புதியவை, சத்துள்ளவை. ஆயினும் நோயாளி, கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் ஆகியோர் இருக்கும் வீட்டில் ஒரு கேள்வி எழ வேண்டும்: இந்த உணவின் பாதுகாப்பை யார் உறுதி செய்கிறார்கள்? சட்டம் எதுவரை உங்களைக் காக்கிறது, எங்கிருந்து உங்கள் பொறுப்பு தொடங்குகிறது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்திற்கு மாற்றாக உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006 இயற்றப்பட்டது. இதன் உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளன.

இச்சட்டத்தின் 18ஆம் பிரிவு, விவசாயிக்கும் மீனவருக்கும் அவர்களது பண்ணை அளவிலான விளைபொருளுக்கும் விலக்கு அளிக்கிறது. தம் தோட்டத்து வாழைக்குலையையோ கிழங்கையோ அப்படியே விற்கும் விவசாயி உரிமம் பெற வேண்டியதில்லை. அதே பொருள் வியாபாரியின் கைக்கு மாறியதும் அது சட்டத்திற்கு உட்பட்ட ‘முதன்மை உணவு’ ஆகிவிடுகிறது.

சிறு குடும்பங்கள் அலைக்கழிக்கப்படாமல் இருக்கவே இவ்விலக்கு. ஆனால் இதன் மறுபக்கத்தை நோயாளியின் குடும்பத்தார் உணர வேண்டும். பண்ணையிலிருந்து நேராக உங்கள் வீட்டிற்கு வரும் பொருளை இடையில் எந்த அலுவலரும் சோதிப்பதில்லை. அங்கே கடைசிக் காவல் உங்கள் சமையலறைதான்.

யார் பதிவு செய்ய வேண்டும்?

விளைபொருளை எண்ணெயாக ஆட்டியோ, சிப்ஸாக வறுத்தோ, ஊறுகாயாகப் போட்டோ, புட்டியில் அடைத்தோ விற்றால் அது உணவு வணிகம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உற்பத்தியாளர்களுக்கு 2011 விதிமுறைகள் உரிமம் கேட்கவில்லை. எளிய பதிவு போதும் என்றன. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என வகுக்கப்பட்டது. தற்போதைய வரம்பையும் கட்டணத்தையும் விண்ணப்பிக்கும்போது உறுதி செய்துகொள்ளலாம்.

பாலுக்குத் தனி ஏற்பாடு உண்டு. கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து, பால் முழுவதையும் சங்கத்திற்கே வழங்குபவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. வீடுகளுக்கு நேரடியாகப் பால் ஊற்றுபவருக்கு இவ்விலக்கு பொருந்தாது.

பொட்டலத்தில் உள்ள 14 இலக்க எண்ணைப் பாருங்கள். 1 என்று தொடங்கினால் உரிமம். 2 என்று தொடங்கினால் பதிவு. பதிவு எண் இருப்பது, விற்பவர் யார், எங்குத் தயாரிக்கிறார் என்பது அரசுக்குத் தெரியும் என்பதற்கு அடையாளம். அந்தக் குறிப்பிட்ட புட்டி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

எந்த உணவில் எதைக் கவனிக்க வேண்டும்?

• பால்: காய்ச்சாத பாலின் வழியாக மாட்டுக் காசநோய், புரூசெல்லா காய்ச்சல் முதலியன பரவக்கூடும். கறந்த பால் எவ்வளவு புதியதாயினும் பொங்கக் காய்ச்சிய பின்னரே பருகுங்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டுவலி இருப்பின், பச்சைப் பால் அருந்தியதையும் மாடு வளர்ப்பதையும் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

• தேன்: மார்த்தாண்டம் தேன் இம்மாவட்டத்தின் பெருமை. எனினும் எவ்வளவு தூய தேனாயினும் ஓராண்டு நிறையாத குழந்தையின் நாவில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கலாம். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, பால் உறிஞ்ச இயலாமை, தலை தொங்குதல் ஆகியவை அபாய அறிகுறிகள். கலப்படமற்ற தேன் என்ற சான்று இந்த ஆபத்தை நீக்காது.

• மரச்சீனிக் கிழங்கு: இதில் இயல்பாகவே சயனைடு நச்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. தோலை நீக்கி, துண்டுகளாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, நீரை வடித்துவிட வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணாதீர்கள்.

• வாழைப்பழம்: கன்னியாகுமரி மட்டிப் பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, குழந்தைகளுக்கு விரும்பி ஊட்டப்படுவது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி குற்றம். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கலாம். முறைப்படி எத்திலீன் வாயுவால் பழுக்கவைக்க அனுமதி உண்டு. பழத்தைக் கழுவிய பின் உரியுங்கள். சிறுநீரக நோயாளிகள், பொட்டாசியம் மிகுதி என்பதால், அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

• கருப்பட்டி: சர்க்கரை கலந்து காய்ச்சப்பட்ட கருப்பட்டியும் சந்தையில் உலவுகிறது. கலப்படமற்றதாயினும் கருப்பட்டி இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு நோயாளிகள் அதை மாற்று மருந்தாகக் கருத வேண்டாம்.

• முட்டை: விரிசல் விட்டதைத் தவிர்த்து, மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்து உண்ணுங்கள்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுபவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் பச்சைப் பால், அரைவேக்காட்டு முட்டை, கழுவாத கீரை ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். ‘இயற்கை விளைச்சல்’ என்பது பயிரிடும் முறையைக் குறிக்குமேயன்றி, கிருமி இல்லை என்று உறுதி கூறாது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

பால் எப்போது கறந்தது? மாட்டுக்கு அண்மையில் ஊசி போடப்பட்டதா? காய்கறிக்குக் கடைசியாக மருந்து அடித்தது என்றைக்கு? அறிமுகமான விவசாயியிடம் இவற்றை நேரில் கேட்க முடிவது உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. சந்தேகிப்பதாக எண்ணாதவாறு, வீட்டில் நோயாளி இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது மருத்துவமனை செல்ல வேண்டும்?

• இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, நிற்காத வாந்தி, கடுங்காய்ச்சல்
• சிறுநீர் குறைதல், மயக்கம், மூச்சுத் திணறல்
• குழந்தை சோர்ந்து கிடத்தல் அல்லது பால் குடிக்க மறுத்தல்

உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தபடியே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. மீதமுள்ள உணவை எறிந்துவிடாமல் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் தனியே வையுங்கள்; காரணத்தைக் கண்டறிய அது உதவும்.

புகார் அளிப்பது எப்படி?

மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ, 9444042322 என்ற மாநில வாட்ஸ்அப் எண்ணிலோ புகார் அளிக்கலாம். சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு; விற்பவருக்கு அதை வாங்கும்போதே தெரிவிக்க வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திருப்பித் தரப்படும்.

சிறு விவசாயியிடம் வாங்குவதை நிறுத்த வேண்டியதில்லை. காய்ச்சுதல், கழுவுதல், வேகவைத்தல், கேட்டு வாங்குதல் ஆகிய நான்கையும் நாள்தோறும் கடைப்பிடித்தால், நோயாளியின் தட்டும் விவசாயியின் வாழ்வும் ஒருங்கே காக்கப்படும்.