இசைத்தட்டும் தராசுத்தட்டும்

தீர்ப்பு எழுதியவரே தம் தீர்ப்பைத் திருத்தி எழுதும் காட்சியை நாம் அடிக்கடி காண்பதில்லை. 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவில் அது நடந்தது. புதிய இசைத்தட்டுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டுப் பெயரும் பொருளும் ஈட்டிய ‘பிட்ச்ஃபோர்க்’ எனும் இணைய ஏடு, தான் முன்பு மதிப்பிட்ட பத்தொன்பது தட்டுகளுக்குப் புது எண் இட்டு வெளியிட்டது. லிஸ் ஃபேர் எனும் பாடகியின் 2003ஆம் ஆண்டுத் தட்டுக்கு அன்று கிடைத்தது சுழி; ஆம், 0.0! புது எண் 6.0. இன்டர்போல் எனும் குழுவின் முதல் தட்டு 9.5இலிருந்து 7.0க்கு இறங்கிற்று. தட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. கேட்ட செவி மாறிற்று, அவ்வளவே.

விடைத்தாள் திருத்தும் தொழிலில் இருப்பவர் நாம். எண் இடும் கை எத்தனை நிலையற்றது என்பதை அறிவோம். இரவு பத்து மணிக்கு நாற்பதாவது தாளாக வந்ததற்குக் கிடைக்கும் எண், காலையில் முதல் தாளாக வந்திருந்தால் கிடைத்திருக்கும் எண் அன்று. மாணவனுக்கேனும் மறுமுறை பார்க்கச் சொல்லும் உரிமை உண்டு. அந்தப் பாடகியோ பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

கலைக்குத் தராசு பிடித்தோர் தடுமாறியது இதுதான் முதன்முறையா? அன்று. 1967 மார்ச்சில், நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு, நிக்கோ எனும் பாடகியுடன் சேர்ந்து தன் முதல் தட்டை வெளியிட்டது. உறையிலே ஓவியர் ஆண்டி வார்ஹாலின் வாழைப்பழம். உள்ளே போதைக்கு ஆட்பட்டவனின் தவிப்பும், நகரத்தின் இருண்ட மூலைகளும், வயோலாவின் கீச்சொலியும்! நிலவையும் காதலையும் பாடக் கேட்டுப் பழகிய உலகம் காதைப் பொத்திக் கொண்டது. விற்பனைப் பட்டியலில் அன்று அது எட்டிய உயர்ந்த இடம் 171. அதே தட்டை, நாடு காத்து வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2006ஆம் ஆண்டு வரிசையில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்த்தது. மாற்று இசை என்று பின்னர் பெயர் பெற்ற மரபின் ஆணிவேர்களுள் ஒன்றாக அதனை மதிக்கின்றனர்.

தராசைப் பேசுமுன் கடையைப் பேச வேண்டும். தட்டை அச்சிடும் பணம், கடைக்குக் கொண்டு செல்லும் வண்டி, கடையின் அலமாரியில் இடம்—இவை பெரும்பாலும் சில பெரும் நிறுவனங்களின் பிடியிலே இருந்தன. முதலாளி தலையசைத்தால் பாட்டு வெளிவரும். இல்லையேல் பாடியவனின் வீட்டுச் சுவருக்குள்ளேயே அடங்கும். இந்தக் கட்டைத் தகர்த்தவர்களுள் முன்நின்றோர், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் குழுவினர். லண்டனுக்குச் சென்று எவர் வாயிலிலும் அவர்கள் நிற்கவில்லை. தந்தையிடமும் நண்பரிடமும் 500 பவுன் கடன் பெற்றனர். 1976 டிசம்பரில் நான்கு பாடல்களைப் பதிந்தனர். ‘நியூ ஹார்மோன்ஸ்’ என்று தாமே ஒரு நிறுவனத்துக்குப் பெயர் சூட்டி, 1977 ஜனவரியில் முதலில் ஆயிரம் தட்டுகளை வெளியிட்டனர். நாளடைவில் பதினாறாயிரம் விற்றன.

அந்தத் தட்டின் உறையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியிலே பதிவாயிற்று, அதன் மீது பின்னர் வேறு ஒலி சேர்க்கப்பட்டதா என்பதைப் பின்புறத்தில் அச்சிட்டிருந்தார்கள். அற்பச் செய்தி என்று தோன்றும். ஆனால் அது திரை விலக்கிய செயல்! இசைத்தட்டு என்பது பிறவி மேதைகள், பெரும் பணம், மாயக் கருவிகள் ஆகியவற்றால் மட்டுமே விளையும் அதிசயம் என்ற மயக்கம் அந்தச் சில வரிகளால் கலைந்தது. மூன்றாம் முயற்சியில் ஒரு பாட்டு முடிந்தது என்று படித்த இளைஞனுக்கு, தானும் மூன்று முறை முயலலாமே என்ற துணிவு பிறக்காதா? பிறந்தது. நகர்தோறும் சிறு நிறுவனங்கள் முளைத்தன.

லண்டனில் ஜெஃப் டிராவிஸ் என்பவர் 1976இல் திறந்த ‘ராஃப் டிரேட்’ கடை, 1978இல் தானே தட்டுகளை வெளியிடத் தொடங்கிற்று. செலவு போக மிஞ்சும் ஆதாயத்தில் பாதி பாடுபவர்க்கு, பாதி நிறுவனத்துக்கு என்பது அதன் ஒப்பந்தம். தெருக்களில் படைவீரரும் சோதனைச் சாவடியும் நிறைந்திருந்த பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து வந்த ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் முதல் தட்டு, 1979இல் இந்நிறுவனத்தின் வழியே பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம் பிடித்தது. 1980 ஜனவரியில் இத்தகைய தட்டுகளுக்கென்றே தனிப்பட்டியல் ஒன்று வெளிவரலாயிற்று. ‘இண்டி’ என்று உலகம் சுருக்கி அழைப்பது இதைத்தான். அந்தப் பட்டியலில் இடம் பெறத் தேவைப்பட்டது யாது? குறிப்பிட்ட இராகமா, தாளமா? இல்லை. பெரும் நிறுவனத்தின் வண்டியில் ஏறாமல் கடைக்குப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். இசையின் இலக்கணமாக அன்றிப் பொருளியலின் இலக்கணமாகப் பிறந்த சொல் அது.

இத்தனை தட்டுகள் பெருகியபின் எதைக் கேட்பது, எதை விடுப்பது? இங்கேதான் மதிப்பிடுவோர் வருகின்றனர். இருவகை மனிதரை நாம் காண்கிறோம்.

முதல்வகைக்கு ஜான் பீல். 1967 முதல் 2004இல் மறையும் வரை பி.பி.சி. வானொலியில் புதிய இசையை ஒலிக்கச் செய்தவர். வட அயர்லாந்தின் டெரி நகரத்து இளைஞர்களான அண்டர்டோன்ஸ் குழுவினர், பெல்ஃபாஸ்டின் சிறு நிறுவனம் ஒன்றின் வழி 1978இல் ஒரு தட்டு வெளியிட்டனர். பீல் அதை ஒலிபரப்பினார். முடிந்ததும் உடனே மறுமுறையும் ஒலிபரப்பினார்! அதுவே அவர் மதிப்புரை. அவர் கருத்தும் அதற்குச் சான்றும் ஒருங்கே கேட்போரிடம் சென்றன. உடன்படலாம், மறுக்கலாம், செவி கேட்பவனுடையது.

இரண்டாம் வகை எண் இடுவோர். நியூயார்க்கில் ராபர்ட் கிரிஸ்ட்கா 1969 முதலே பள்ளிக்கூடத்து முறையில் எழுத்துத் தரம் இட்டு வந்தார். வெல்வெட் அண்டர்கிரவுண்டின் லூ ரீட் இதைப் பொறுக்காமல், 1978இல் வெளிவந்த தம் மேடைப் பதிவிலேயே அவரைப் பெயர் சொல்லி வைதார். கிரிஸ்ட்கா சினக்கவில்லை. தம் பெயரைச் சரியாக உச்சரித்ததற்கு நன்றி கூறிவிட்டு, அந்தத் தட்டுக்கு ‘சி பிளஸ்’ தரம் இட்டார்! இந்த அளவில் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம்.

சிரிக்க முடியாதது பின்னர் வந்தது. 1996இல், மினியாபொலிஸ் நகரில் பெற்றோர் வீட்டிலிருந்த ரையன் ஷ்ரைபர் எனும் இளைஞர் பிட்ச்ஃபோர்க்கைத் தொடங்கினார். பெரிய ஏடுகள் புறக்கணித்த சிறு நிறுவனத் தட்டுகளை எடுத்துப் பேசியது அது. அந்தப் பணியை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். 2004இல் கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழுவின் முதல் தட்டுக்கு 9.7 கொடுத்தது. சிறு நிறுவனமான ‘மெர்ஜ்’ அச்சிட்டு வைத்திருந்த தட்டுகள் விற்றுத் தீர்ந்தன. அதே 2004இல் டிராவிஸ் மாரிசன் எனும் பாடகரின் தனித் தட்டுக்கு 0.0 கொடுத்தது. கல்லூரி வானொலிகள் தயங்கின. அதை விற்க மறுத்த கடையும் உண்டு. கேட்டுப் பார்த்தா மறுத்தனர்? எண்ணைப் பார்த்து மறுத்தனர்! முதலாளியின் தலையசைப்புக்குக் காத்திருக்க மாட்டோம் என்று 500 பவுன் கடன் வாங்கிய மரபு, ஓர் இணைய ஏட்டின் புள்ளிக்குக் காத்திருக்கும் மரபாகிவிட்டது.

மதிப்புரையே கூடாது என்பதா நம் வாதம்? இல்லை. காரணம் கூறுபவர் நம்மை வாதத்துக்கு அழைக்கிறார். எண்ணை மட்டும் நீட்டுபவர் வாதத்தை முடித்துவிடுகிறார். லிஸ் ஃபேருக்குச் சுழி விழுந்தது எதனால்? 1993இல் சிறு நிறுவனம் ஒன்றின் வழி, பெண்ணின் மனத்தை ஒளிவு மறைவின்றிப் பாடிப் புகழ் பெற்றவர் அவர். 2003இல் பெரு நிறுவனத்தின் வழி, பலரும் முணுமுணுக்கத்தக்க மெட்டுகளில் பாடினார். அது அவர் செய்த குற்றம்! பாட்டுக்கு அன்று, ஆசாரம் மீறியதற்கே தண்டனை. நம் ஊர்க் கட்டுப்பாட்டையும் விலக்கி வைத்தலையும் அறிந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆசாரத்தை எதிர்த்துப் பிறந்ததற்கும் ஓர் ஆசாரம் முளைத்துவிட்டது. அந்த மதிப்புரையை எழுதியவர் 2019இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் அதை எழுதியபோது மிக இளையவர். பாடகியும் பெருந்தன்மையோடு ஏற்றுக் கொண்டார்.

அந்த இணைய ஏட்டைக் காண்டே நாஸ்ட் எனும் பெரும் இதழ்க் குழுமம் 2015இல் வாங்கிற்று. 2024 ஜனவரியில், தன் ஆடவர் இதழான ‘ஜி.க்யூ.’வின் கீழ் அதைச் சேர்ப்பதாக அறிவித்துப் பலரை வேலையிலிருந்து நீக்கியது. பிறருக்கு எண் இட்டவர்களுக்கு, கணக்கேடு ஓர் எண் இட்டுவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில், அங்கே எழுதிப் பழகியவர்களுள் ஐவர் கூடி ‘ஹியரிங் திங்ஸ்’ எனும் இசை ஏட்டைத் தொடங்கினர். எழுதுவோரே அதன் உரிமையாளர். படிப்போர் செலுத்தும் சந்தாவே அதன் முதல்.