உருட்டுற பந்தும் ஒரு துண்டு உப்புத்தாளும்

போன மாசம் வீட்டுக்கு ஒரு மெஷின் வந்துச்சு. அட்டைப்பெட்டியைப் பிரிச்சதும் தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "என்னங்க, கிரைண்டரா? கல்லைக் காணோமே?"

கேட்டதுல தப்பே இல்ல. ஒரு இரும்புப் பொட்டி, உள்ள மோட்டார், மேல ஒரு கிண்ணம். சுவிட்சைப் போட்டா கிண்ணம் சுத்தும். அவ்ளோதான். ஆனா இதுல மாவு அரைக்க முடியாது. பௌலிங் பந்தை உக்கார வெச்சு சுத்த விட்டு, உப்புத்தாள் புடிச்சு தேய்க்கிறதுக்கான மெஷின். ஸ்பின்னர்னு பேரு. பழசுதான், 150 டாலர்.

"பந்தைத் தேய்க்க 150 டாலரா?"னு அடுத்த கேள்வி. அதுக்கு அன்னிக்கு வாயாலயே சொல்லி சமாளிச்சேன். ஒழுங்கான பதில் சொல்லணும்னா நூறு வருஷத்துக்கு மேல கொசுவத்தி சுத்தணும். அதான் இந்தப் பதிவு. பொட்டி தட்டுற நேரம் போக, அமெரிக்காவுல எனக்குன்னு இருக்கிற ஒரே விளையாட்டு வாரம் ஒரு நாள் லீக் பௌலிங். அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க மக்கா :-)

ஆரம்பத்துல பந்து மரத்துலதான் இருந்துச்சு. லிக்னம் வைட்டேன்னு ஒரு மரம். தண்ணில போட்டா முழுகுற அளவுக்கு கனம். ஆனா எவ்ளோ நல்ல மரமா இருந்தாலும் மரம் மரம்தானே? விரிசல் விடும், ஒரு பந்து மாதிரி இன்னொண்ணு இருக்காது. 1905-ல எவர்ட்ரூங்கிற கெட்டி ரப்பர் பந்து வந்துச்சு. 1914-ல பிரன்ஸ்விக் கம்பெனி மினரலைட்னு தன்னோட ரப்பர் பந்தை ஊர் ஊரா கொண்டு போய்க் காட்டுனாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் ரப்பர் ராஜ்யம்தான். 1960 வாக்குல பாலியெஸ்டர் பிளாஸ்டிக் பந்து வந்துச்சு. கலர் கலரா இருக்கும், பளபளன்னு மின்னும்.

பந்து மாறுன மாதிரியே தரையும் மாறிக்கிட்டே இருந்துச்சு. மரப்பலகைக்கு முதல்ல ஷெல்லாக் பூசுனாங்க, அப்புறம் லாக்கர். லாக்கர் சட்டுனு தீப்பிடிக்கிற சமாச்சாரம்ங்கிறதால பாலியூரித்தேன் பூச்சுக்குப் போனாங்க. அது கெட்டி. கெட்டியான தரைல கெட்டியான பிளாஸ்டிக் பந்து வழுக்கிட்டுப் போகுமே தவிர திரும்பாது.

இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஃபவுல் கோட்டுலேர்ந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. அதுல முதல் 40 அடி சுமாருக்கு எண்ணெய் தடவி வெச்சிருப்பாங்க. பந்து எண்ணெய்ல வழுக்கி, காஞ்ச பலகையைத் தொட்டதும் புடிச்சு, வளைஞ்சு போய் அடிக்கணும். அந்த 'புடிக்கிறது'தான் மொத்த விளையாட்டும்.

1973-ல டான் மெக்கூன்னு ஒருத்தர். தொழில்முறை ஆட்டக்காரர். பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன்ங்கிற கரைப்பான்ல ஊற வெச்சாரு. மேல்தோல் இளகிப் போச்சு. இளகுன பந்து தரையை நல்லா கவ்வுச்சு. அந்த ஒரே வருஷம் ஆறு பட்டம், வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது வேற. பந்து எவ்ளோ கெட்டியா இருக்கணும்னு அப்போ விதியே கிடையாது. அதனால அவர் எந்த விதியையும் மீறல. விதி எழுதுனவங்க யாருக்கும் ஒருத்தன் பந்தை ஊறுகாய் போடுவான்னு தோணல, அவ்ளோதான்.

விஷயம் பரவுனதும் ஆளாளுக்கு ஊற வெக்க ஆரம்பிச்சாங்க. (இதைப் படிச்சுட்டு வீட்டுல யாரும் முயற்சி பண்ணிடாதீங்க. அந்த திரவம் பெட்ரோல் மாதிரி குபீர்னு பத்திக்கும், ஆவியும் ஒடம்புக்கு ஆகாது.) அப்புறம்தான் விதி வந்துச்சு. ஷோர் டி-ங்கிற அளவுகோல்ல தொழில்முறை சங்கம் குறைஞ்சபட்சம் 75-னு வெச்சாங்க, பொதுவான ஆட்டங்களை நடத்துன அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் 72-னு வெச்சாங்க. பந்துல ஊசியைக் குத்தி கெட்டித்தன்மை பாக்குற கருவி தேர்வுக்கூடத்துக்கு வந்துச்சு.

என்னை யோசிக்க வெச்சது இதுக்கு அடுத்து நடந்ததுதான். வாளில ஊற வெச்சா தப்புன்னு ஆயிடுச்சு. ஆனா அதே 'கவ்வுற' குணத்தை கம்பெனிக்காரங்க ரசாயனத்துலயே கொண்டு வந்துட்டாங்க. 1981-ல ஏஎம்எஃப் கம்பெனியோட ஆங்கிள், யூரித்தேன் பந்து. 1990களோட ஆரம்பத்துல ரியாக்டிவ் ரெசின். இது கெட்டியாவும் இருக்கும், நுண்ணிய துளைகள் வழியா எண்ணெயை உறிஞ்சவும் செய்யும், காஞ்ச பலகைல திரும்புறப்போ பயங்கரமாவும் திரும்பும். விதிப்படி எல்லாம் சரி.

ஆக, 1973-ல ஒருத்தர் ஒரு வாளியை வெச்சு பண்ணுனதை அடுத்த இருபது வருஷத்துல பெட்டில போட்டு விலை ஒட்டி வித்தாங்க. நான் குறை சொல்லல, நல்ல பந்துதான், என்கிட்டயும் ரெண்டு இருக்கு. ஆனா கணக்கு எப்படி மாறிடுச்சு பாருங்க. ரப்பர் பந்து வாங்குனவன் வருஷக்கணக்கா அதையே உருட்டுவான். ரெசின் பந்து எண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு, அறுபது எழுபது ஆட்டத்துல என்னோடது மந்தமாயிடுச்சு. ஆட்டக்காரன் என்ன செய்வான்? "பந்து செத்துருச்சு"ன்னு புதுசு வாங்குவான்.

கெட்டித்தன்மைச் சண்டையும் ஓயல. 2022-ல கூட, 2016, 2017-ல தயாரான பர்ப்பிள் ஹாமர் பந்துகள் இளகலா இருக்குன்னு தன்னோட தேசியப் போட்டிகள்ல அமெரிக்க பௌலிங் சம்மேளனம் தடை போட்டுச்சு. மெக்கூன் வாளிக்கு கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழிச்சு!

அதே சம்மேளனம் 2000களோட நடுவுல ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணுச்சு. ஒரு பந்து எப்படிப் போகுதுங்கிறதை எதெல்லாம் முடிவு பண்ணுதுன்னு கணக்கு எடுத்தாங்க. நானும் உள்ள இருக்கிற கோர்தான் முதல்ல வரும்னு நினைச்சேன், விளம்பரம் எல்லாம் அதைத்தானே காட்டுது. ஆனா பட்டியல்ல மேல வந்தது மேல்பரப்போட சொரசொரப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு பள்ளம்தான்.

மேடு உயரமா இருந்தா எண்ணெய்ப் படலத்தைக் கிழிச்சு தரையைத் தொடும், பந்து சீக்கிரம் புடிக்கும். வழவழப்பா இருந்தா எண்ணெய் மேலயே மெதந்து தூரமாப் போய்த் திரும்பும். விளையாட விளையாட சொரசொர பந்து வழவழப்பாகும், பளபள பந்து மங்கும். கடைல வாங்குன பந்து பத்து ஆட்டம் கழிச்சு அதே பந்து இல்ல. 'செத்துப்போன' என் பந்துல பாதி இதுதான். மேல்பரப்பைப் பழையபடி கொண்டு வந்தா உயிர் வரும்.

அந்த மேல்பரப்பை நிர்ணயிக்கிறது ரசாயனமும் இல்ல, கம்பெனியும் இல்ல. 500, 1000, 2000, 4000-னு நம்பர் போட்ட தேய்ப்பு அட்டை. ஃபின்லாந்துக்காரங்களோட அப்ராலான். சாதாரண ஆட்டக்காரன் கையில விதிப்படி மிச்சம் இருக்கிற பெரிய சுதந்திரம் இதுதான்.

அப்போ கையாலயே தேய்க்கலாமே, மெஷின் எதுக்கு? தேய்ச்சேனே! சாப்பாட்டு மேசைல துண்டு விரிச்சு ஒரு சனிக்கிழமை முழுக்க. ஒரு பக்கம் வழுக்கை, ஒரு பக்கம் முரடு. ஸ்பின்னர்ல அழுத்தம் சீரா விழும். ஆனா அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. சுத்துற பந்தோட நடுப்பட்டை வேகமா ஓடும், உச்சி கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே இருக்கும். நிமிஷத்துக்கு 1000 சுத்துன்னு வெச்சா கூட நடுப்பட்டைல மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம், உச்சில பூஜ்யம். அதனால ஒரே நிலைல தேய்க்கக் கூடாது. தலைகீழாத் திருப்பி, அப்புறம் பக்கவாட்டுல திருப்பின்னு நாலு முகமாவது மாத்தணும். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம், கொஞ்சம் தண்ணி.

முதல் நாள் கராஜ்ல தண்ணி அதிகமா ஊத்திட்டேன். சாம்பல் கலர் சேறு செவுத்துல, கார்ல, என் மூஞ்சில. தங்கமணி கதவைத் திறந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம மூடிட்டாங்க. அதுதான் பயமா இருந்துச்சு.

இன்னொரு விதியையும் சொல்லிடறேன். போட்டி நடக்கிறப்போ மேல்பரப்பை மாத்தக் கூடாது. 2019 ஆகஸ்டுலேர்ந்து, அங்கீகரிக்கப்பட்ட போட்டி நடுவுல திரவம் போட்டுத் துடைக்கவும் கூடாது, காஞ்ச துண்டு மட்டும்தான். என்ன பண்றதா இருந்தாலும் வீட்டுலயே பண்ணிட்டுப் போகணும். மெஷின் வீட்டுக்கு வந்ததுக்கு இதை விட நல்ல சாக்கு எனக்குக் கிடைக்கல.

அந்த வாரம் லீக்ல 2000-ல தேய்ச்ச பழைய பந்தை உருட்டுனேன். ஒரு வருஷமா புடிக்காம ஓடுன பந்து, காஞ்ச பலகையைத் தொட்டதும் டக்குன்னு திரும்புச்சு. ஸ்கோர் 151. பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா வாங்கணும்னு எடுத்து வெச்சிருந்த புதுப் பந்தோட காசு இன்னும் பையிலயே இருக்கு.

டிஸ்கி: அந்தக் காசுக்கு இப்போ நிஜமான கிரைண்டர் ஒண்ணு வரப்போகுது. கல்லோட. :-)