மெல்லிய கம்பியில் பிறந்த கருவி

1989 ஜூனில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஹவாய்க்குச் செயற்கைக்கோள் வழியே ஓர் இணைப்பு போடப்பட்டது. ஆஸ்திரேலியா இணையத்தோடு சேர்ந்தது அப்படித்தான். வேகம் நொடிக்கு 56 கிலோபிட். அடுத்த சில ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களுக்கு வேகம் கூடியது. வீடுகளிலோ தொலைபேசிக் கம்பியும் மோடமும்தான். கொஞ்சம் அனுப்பினாலும் தேவையானதை மட்டும் அனுப்பு என்ற சிக்கன புத்தி அந்த நாட்டின் கணினிக்காரர்களிடம் ஊறியிருந்ததில் வியப்பில்லை.

சிட்னியில் படித்து வளர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கான்பராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தவர். லினக்ஸ் சர்வரையும் விண்டோஸ் கணினிகளையும் பேசவைக்கும் சாம்பாவை எழுதியவரும் அவரே. அவரும் பால் மெக்கெராஸும் 1996 ஜூனில் வெளியிட்ட கருவிதான் ஆர்சிங்க்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி கடினமானது. திருத்திய கோப்பு இங்கே இருக்கிறது, பழைய பிரதி தொலைவில் இருக்கிறது. என்ன மாறியது என்று பார்க்க இரண்டையும் பக்கத்தில் வைத்தாக வேண்டும். அதற்கு ஒன்றை முழுதாக அனுப்பவேண்டும். அனுப்பிவிட்டால் பிறகு ஒப்பிட்டு என்ன பயன்?

விடை இது. பழைய பிரதி இருக்கும் கணினி அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடையாள எண்களைக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஒன்று சட்டென்று கணக்கிடக்கூடியது, இன்னொன்று மெதுவானது ஆனால் நம்பத்தக்கது. புதிய கோப்பு இருக்கும் பக்கம், அதன்மேல் ஒரு சன்னலை ஒவ்வொரு பைட்டாக நகர்த்தி, அந்த எண்களுக்குப் பொருந்தும் இடங்களைத் தேடுகிறது. ஒவ்வொரு நகர்வுக்கும் முழுக் கணக்கைத் திரும்பப் போட்டால் விடியும்வரை ஆகும். பேருந்தில் ஒருவர் இறங்கி ஒருவர் ஏறினால் நடத்துநர் எல்லாரையும் மறுபடி எண்ணுவதில்லையே, அதுபோல வெளியேறிய பைட்டைக் கழித்து நுழைந்ததைக் கூட்டிக்கொள்கிறது. வேகமான எண் பொருந்தினால் மட்டுமே நம்பகமான எண்ணைப் பார்க்கும். பொருந்திய துண்டுகள் பயணம் செய்வதில்லை. நடுவில் ஒரே ஓர் எழுத்தைச் செருகி மற்றதெல்லாம் தள்ளிப்போனாலும் இந்த முறை ஏமாறாது. எனக்கு இதில் பிடித்தது இதுதான்.

சோதனைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது லினக்ஸ் கெர்னலின் இரு பதிப்புகளை. சுமார் 24 எம்பி கோப்பைப் புதுப்பிக்க, கம்பியில் போய்வந்தது ஏறத்தாழ 2 எம்பி. 1999-இல் ட்ரிட்ஜெலின் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இந்த முறை இடம்பெற்றது.

அங்கிருந்து ஆர்சிங்க் உலகம் முழுக்கப் பரவியது. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளின் நகல் சர்வர்கள் அதைக்கொண்டே தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. சென்னையில் ஒருவர் தன் கணினிக்கு இறக்கும் தொகுப்பு, அருகிலுள்ள சர்வருக்கு அப்படி வந்து சேர்ந்ததாக இருக்கலாம். தினசரி பேக்கப்பில் கிடைக்கும் மிச்சத்தில் பெரும்பகுதி இன்னும் எளிய வழியில் வருகிறது: அளவும் திருத்திய நேரமும் ஒன்றாக இருந்தால் ஆர்சிங்க் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. ஒரே கணினிக்குள் நகலெடுத்தால், துண்டு ஒப்பீட்டையே விட்டுவிட்டு முழுக் கோப்பை எழுதிவிடும். எங்கே சிக்கனம் தேவையில்லை என்பதும் அதற்குத் தெரியும்.

கவனம் தேவைப்படும் கருவியும்கூட. மூல அடைவின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இருந்தால் உள்ளிருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் அடைவே போகும். டெலீட் விருப்பத்தோடு தவறான அடைவைக் காட்டினால், மறுபக்கத்தில் கூடுதலாக இருப்பதெல்லாம் அழியும். புதிதாக சர்வர் வேலைக்கு வருபவர்களுக்கு நான் வற்புறுத்துவது, முதலில் ட்ரை-ரன் விருப்பத்தோடு ஓட்டி, என்ன நடக்கும் என்ற பட்டியலை வரிவரியாகப் படிக்கவேண்டும் என்பதே.

நீண்ட காலம் வெய்ன் டேவிசன் இதைப் பராமரித்தார். 2025 ஜனவரியில் ஆறு பாதுகாப்புக் குறைகள் வெளிப்பட்டன. மிக மோசமானது, அந்த அடையாள எண்களைக் கையாளும் இடத்திலேயே இருந்தது. எதிர்முனை சொல்லும் நீளத்தை அளவு பாராமல் நம்பியதே கோளாறு. அதை அடைத்து 3.4.0 பதிப்பு வந்தபோது, ட்ரிட்ஜெல் பராமரிப்புப் பொறுப்பை மீண்டும் ஏற்றிருந்தார்.