குதிரும் அஞ்சறைப் பெட்டியும்

கம்ப்யூட்டர்காரர்கள் வாயில் 'கேஷ்' என்றொரு சொல் அடிக்கடி வரும். எண்ணி வாங்கும் காசு அல்ல, இது வேறு சொல். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு எழுத்தைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிரெஞ்சில் 'கஷே' என்றால் ஒளித்து வைப்பது. 'கஷ்' என்றால் ஒளித்து வைக்கும் இடம். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஆடிய கண்ணாமூச்சிக்கே 'கஷ்-கஷ்' என்றுதான் பெயர்.

ஐ.பி.எம். நிறுவனம் 1968-ல் அறிவித்த சிஸ்டம் 360 மாடல் 85 என்ற இயந்திரத்தைப் பற்றிய கட்டுரைகளில்தான் இந்தச் சொல் கம்ப்யூட்டர் உலகத்துக்குள் நுழைந்தது. அந்த இயந்திரத்தின் பெரிய நினைவகத்துக்கு முன்னால், வெறும் 16 கிலோபைட் அளவில் ஒரு சிறிய, வேகமான நினைவகத்தை வைத்தார்கள். அடிக்கடி தேவைப்படுவது அதில் இருக்கும். நிரல் எழுதுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒளிந்துகொண்டு வேலை செய்வதால் 'கஷ்' பொருத்தமான பெயர். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் பிரெஞ்சுச் சொல்லை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களோ முன்நினைவகம் என்ற பொருளில் 'அந்த்தேமெம்வார்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டார்கள்.

எதற்காக இந்த ஏற்பாடு? வேகமான நினைவகம் விலை அதிகம். விலை மலிவானது மெதுவாக ஓடும். இது கம்ப்யூட்டர் பிறந்த நாள் முதல் இருக்கும் தலைவலி. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் 1962-ல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்ற கம்ப்யூட்டரில் 16 ஆயிரம் சொற்கள் கொள்ளும் வேகமான நினைவகமும், 96 ஆயிரம் சொற்கள் கொள்ளும் சுழலும் உருளையும் இருந்தன. எது எங்கே இருக்க வேண்டும் என்பதை இயந்திரமே பார்த்து மாற்றிக்கொண்டது.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெல் குதிரில் இருக்கும். கடுகும் சீரகமும் மிளகும் அஞ்சறைப் பெட்டியில், அடுப்புக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும். குதிரை யாரும் அடுப்படியில் வைப்பதில்லை.

இந்த வித்தை சென்னைக்கும் சீக்கிரமே வந்தது. கிண்டி ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 என்ற கம்ப்யூட்டரை நிறுவினார்கள். அந்த மாடலிலும் 8 கிலோபைட் கஷ் உண்டு.

இனி ஹார்ட் டிஸ்க்கின் கதை. முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், மொத்தம் 50 லட்சம் எழுத்துகள், எடை சுமார் ஒரு டன். இன்றைக்கு உள்ளங்கையில் அடங்கும் பெட்டியில் லட்சம் மடங்குக்கு மேல் கொள்கிறது. ஆனால் உள்ளே நடப்பது அதே வேலைதான்: தட்டு சுழல வேண்டும், படிக்கும் முனை நகர வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று. தேடும் இடம் முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரமும் சேர்ந்தால், வினாடிக்கு 80 முறை தேடி எடுப்பதே பெரிய காரியம். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் எழுந்து உட்காருவதற்குள் நாம் காபி குடித்து முடிப்பதன் காரணம் இதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே கிடையாது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம்தான் அதன் அடிப்படை. 1991-ல் வந்த 20 மெகாபைட் எஸ்.எஸ்.டி.யின் விலை சுமார் ஆயிரம் டாலர். இருபது ஆண்டுகள் கழித்து விலை இறங்கியபோதும், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடியது சிறிய அளவுதான். ஆகவே சிறிய எஸ்.எஸ்.டி., பெரிய ஹார்ட் டிஸ்க், இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கும் வழக்கம் வந்தது. 2011-ல் இன்டெல், 64 ஜிபி வரையிலான எஸ்.எஸ்.டி. இடத்தைக் கஷ் ஆகப் பயன்படுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2012-ல் ஆப்பிள், 128 ஜிபி எஸ்.எஸ்.டி.யையும் பெரிய ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே டிஸ்க் போலக் காட்டியது. இரண்டிலும் எது எங்கே இருக்கும் என்பதை இயந்திரம் முடிவு செய்யும். அதை நாமே முடிவு செய்வது இன்னொரு வழி.

எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கிறது. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது பழகிய வழி. நடப்புக் கோப்பு மேசையில், முடிந்த கோப்பு பதிவறையில். முடிக்கும்போதே ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். என்றால் பத்தாண்டு, எல்.டிஸ். என்றால் ஓராண்டு என்று குறித்துத்தான் அனுப்புவோம். எந்தக் காகிதம் எதற்கு வேண்டும் என்று கோப்பைப் படித்த எழுத்தருக்குத் தெரியும்.

அயனம்பாக்கத்தில் என் மகன் வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை இப்படித்தான் சீர்செய்தோம். ஏற்கெனவே 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. ரிச்சி தெருவில் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி வந்தோம். செய்ய நினைக்கும் நண்பர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் வெளியே ஒரு நகல். பிறகு ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி.யை மட்டும் மாட்டி அதில் விண்டோஸை ஏற்றுவது. இரண்டும் மாட்டியிருந்தால், தொடங்குவதற்கு வேண்டிய கோப்புகள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடக்கூடும். அப்புறம் அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழாது. விண்டோஸ் ஏறிய பின் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, எஸ்.எஸ்.டி.யிலிருந்து முதலில் தொடங்கும்படி பயாஸில் வரிசையை மாற்ற வேண்டும். விண்டோஸும் தமிழ் எழுதும் மென்பொருளும் பிரவுசரும் எஸ்.எஸ்.டி.யில். புகைப்படம், பாட்டு, பேரப்பிள்ளைகளின் வீடியோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில். எஸ்.எஸ்.டி.யை முழுவதும் நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது.

இதற்குமேல்தான் முக்கியமான விஷயம். வேகம் வேறு, பாதுகாப்பு வேறு. இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு நகல் இருப்பதாக ஆகாது. ஹார்ட் டிஸ்க் பல சமயம் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. சத்தமில்லாமல் ஒரு நாள் போய்விடும். மின்சாரம் கொடுக்காமல் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைப்பதற்கும் அது ஏற்றதல்ல.

புதுச்சேரிக் குடும்பங்களுக்குக் காகிதத்தின் மதிப்பு தெரியும். 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஓய்வூதியமோ குடியுரிமையோ, எந்த வழக்கானாலும் பிறப்புப் பதிவின் ஒரு பக்கம் இருந்தால்தான் பேச முடியும். அந்தப் பக்கம் பல குடும்பங்களுக்கு இன்றும் கிடைப்பதற்குக் காரணம், 1776 ஜூனில் பதினாறாம் லூயி மன்னர் இட்ட ஓர் ஆணை. குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளை உள்ளூரில் வைப்பதோடு நில்லாமல், ஒரு நகலைக் கப்பலேற்றி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்றது அது. கரையானும் புயலும் ஈரமும் உள்ளூர் ஏட்டை அழித்தாலும் கடலுக்கு அப்பால் ஒன்று இருக்கும். அந்த ஏடுகள் இன்று தென்பிரான்சில் எக்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகளின் பக்கங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இப்போது பெரிய தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. ஒரு காலத்தில் டி.ஐ. சைக்கிளுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. தரவு மையங்களிலும் பொதுவாக அவசரத்துக்கு ஃபிளாஷ், பெருங்கிடங்குக்கு ஹார்ட் டிஸ்க், அதற்குமேல் வேறிடத்தில் நகல் என்றுதான் வைக்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீடுகளில் பத்திரங்கள் நனைந்து கூழாயின என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகவே எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறவர்கள் அதே நாளில் வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் வாங்குங்கள். பிறப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திரம், மறைந்தவர்களின் படங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து அதில் போட்டு, வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்குப் போகும்போது, அதை மாட்டித் திறந்து பார்த்துப் புதியவற்றைச் சேர்த்துவிட்டு வந்தால் போதும்.