தோணி கட்டிய ஊர்

தூத்துக்குடியின் கடல் வரலாறு என்றதும் முத்துக்குளிப்பும் வ.உ.சி.யின் கப்பலும்தான் முதலில் பேச்சுக்கு வருகின்றன. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் இரண்டிலுமே ஊராரின் கைக்கு எட்டாத ஒரு பாதி இருந்தது. முத்துப்பார் என்றுமே ஆள்பவருக்கு உரியது. பாண்டியர், போர்த்துக்கீசியர், 1658க்குப் பின் டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என்று கொடிதான் மாறியது. எந்த ஆண்டில் குளிப்பு நடக்கும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அரசே முடிவு செய்தது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அந்தத் தொழிலும் ஓய்ந்தது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் நிறுவனம் 1906 அக்டோபரில் பதிவானது. ஒரு பங்கு 25 ரூபாய் என 40,000 பங்குகளில் 10 லட்சம் ரூபாய் திரட்டத் திட்டமிட்டது. துணிச்சலில் அதற்கு இணை இல்லை. என்றாலும் மறு ஆண்டு வந்து சேர்ந்த காலியா, லாவோ என்ற இரண்டு நீராவிக் கப்பல்களும் வெளிநாட்டில் விலைக்கு வாங்கியவை. அதே காலத்தில், அதே துறையில், ஊர்க்காரர் கரையிலேயே கட்டி, ஊர்க்காரரே கொழும்புக்கு ஓட்டிப்போன கலம் ஒன்றும் இருந்தது. அதுதான் தோணி.

தானே பாகங்களைப் பொருத்திக் கட்டிய காரில் ஊர் ஊராகப் போகிறவருக்கு ஒரு தனி ஆனந்தம் உண்டு. வண்டியில் எழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் காரணம் அவருக்குத் தெரியும். நடுவழியில் நின்றாலும் இறங்கிச் சரிசெய்துகொள்ளும் தைரியம் உண்டு. தோணியின் வரலாற்றை இந்த ஆனந்தத்தின் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது என் வாதம். அந்த ஆனந்தத்தை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. கலத்தைப் பற்றிய முழு அறிவிலிருந்து அது பிறக்கிறது. நீராவிக் கப்பல்களையும் தாண்டித் தோணி நிலைத்ததற்கு அந்த அறிவே பெரிய காரணம்.

தோணி கட்டுகிற ஓடாவி காகிதத்தில் படம் வரைந்து தொடங்குவதில்லை. முதலில் அடிமரமான ஏராக்கட்டையைக் கிடத்துவார். முன்பகுதியான அணியத்தையும் பின்பகுதியான அமரத்தையும் நிறுத்துவார். பிறகு வங்குகளை, அதாவது குறுக்குச் சட்டங்களை, ஏற்றுவார். வங்குக்கு வேண்டிய வளைவை மரத்திலேயே தேடுவது அவர் வழக்கம். கருவேலம் போன்ற கெட்டி மரங்களில் இயல்பாக வளைந்து வளர்ந்த கிளையைப் பார்த்ததுமே அது தோணியின் எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று அவர் கண் சொல்லிவிடும். பலகை அடித்த பின் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் கலப்பத்து போடுவார்கள். இத்தனையும் கடற்கரையில், திறந்த வெளியில், தோணியில் போகப்போகிறவர்களின் கண்முன்னே நடக்கும். ஆகவே நடுக்கடலில் தண்ணீர் கசிந்தால் எந்தப் பலகையைப் பார்க்க வேண்டும் என்று தோணியை நடத்தும் தண்டலுக்கும் கடலோடிகளுக்கும் முன்பே தெரியும். நீராவிக் கப்பலின் கொதிகலனைப் பற்றி அதன் பயணிகளோ கரையிலிருந்த பங்குதாரர்களோ இப்படிச் சொல்லியிருக்க முடியாது.

போன தூரமும் சிறிதன்று. கொழும்பு சுமார் 280 கி.மீ.; மாலத்தீவின் மாலே 700 கி.மீ.க்கு மேல். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுகள் மாறி வரும் முறையை ஒட்டியே பயண நாட்கள் அமைந்தன. தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் தோணிகள் நெடும்பயணத்தை நிறுத்திவிடும். பழுது பார்க்க வாய்க்கும் காலம் அது. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் முடியும் பனிமய மாதா திருவிழா இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. கடலும் கோயிலும் பட்டறையும் ஒரே நாட்காட்டியில் ஓடிய ஊர் இது.

தோணி நிலைத்ததற்குக் கூலி மலிவும் ஆழமில்லாத துறையுமே காரணம் என்பார்கள். பழைய தூத்துக்குடித் துறையில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நின்றன. சரக்கைப் படகில்தான் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். இது உண்மை. ஆனால் இது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. ஊரின் கடலை அறிந்தவர்கள் அந்தக் கடலுக்கு ஏற்பக் கலத்தைக் கட்டினார்கள். 1876இல் ரயில் வந்தது. நீராவிக் கப்பல் கொழும்புக்கு ஓடியது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்ததும் கொழும்புக்கான தபால் போக்குவரத்து அங்கே மாறிப்போனது. 1974 ஜூலையில் ஆழ்கடல் துறைமுகமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலத்தீவுக்குப் போய்வந்தன. மலிவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அதைவிட மலிவான ஒன்று வந்த நாளிலேயே தோணி ஒழிந்திருக்கும்.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. சட்டத்தை முதலில் நிறுத்திப் பிறகு பலகை அடிக்கும் முறையே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்திருக்கலாமே, அப்படியானால் தோணி எப்படி நம்முடையதாகும் என்பது. தமிழகக் கரையின் வத்தை என்னும் மீன்பிடிப் படகுகளை ஆராய்ந்த ஷான் மெக்ரெயில், லூசி புளூ, எரிக் கென்ட்லி ஆகியோரின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, இங்குள்ள வடிவமைப்பு முறைக்கும் பழைய ஐரோப்பிய முறைக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. கடன் வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கலம் நம்முடையது ஆவதற்கு அதன் பூர்வீகம் அளவுகோல் இல்லை. அதைக் கட்டவும் பிரிக்கவும் பழுது பார்க்கவும் மாற்றவும் நம் கைக்குத் தெரியுமா என்பதுதான் அளவுகோல். அந்த அளவில் தோணியைவிடச் சொந்தமான வாகனம் இந்தக் கரையில் வேறில்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தோணிக்காரர் வாழ்க்கை வறுமையும் ஆபத்தும் நிறைந்தது. அதில் ஆனந்தத்தைத் தேடுவது கரையில் இருப்பவர்களின் கற்பனை என்பது அது. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலைப் படித்தவர்களுக்குக் கடல் கொண்டுபோன உயிர்களையும் தோணியால் நொடித்த குடும்பங்களையும் நினைவூட்டத் தேவையில்லை. முதலாளிக்கும் கடலோடிக்கும் வருமானத்தில் இருந்த இடைவெளியையும் மறைக்கக் கூடாது. எல்லாத் தோணிக்காரரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆபத்தான வேலைக்குள்ளும் தன் கலத்தை நம்பிப் போகிறவனின் நிமிர்வு ஒன்று உண்டு. அது கூலியால் வருவதில்லை என்றே சொல்கிறேன்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு சான்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் உள்ளூர் ஓடாவிகள் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி. சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றியிருந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதைப் பார்த்து விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தண்டலும் ஊர்க் கடலோடிகளும் சூயஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடல் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளூஸ்டர் துறைமுகத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கப்பல் கட்டுவதற்கே பேர்போன கரை அது. உலகக் கடல்களை அறிந்த ஒருவர், அங்கே கிடைக்காத எதையோ இந்தக் கரையின் ஓடாவி வேலையில் கண்டிருக்கிறார்.

தோணியில் இப்போது டீசல் எஞ்சின் இருக்கிறது. பாயும் அதைத் தாங்கும் பருமலும் அநேகமாக மறைந்துவிட்டன. ஆனாலும் மரத்தோணிக்குக் கலப்பத்து போடத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. முத்துக்கும் வ.உ.சி.க்கும் நூல்கள் எழுதிய ஊர், ஓடாவிகளின் அளவுகளையும் மரத் தேர்வையும் தண்டல்களின் காற்றுக் கணக்கையும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும்.