ஒலிபெருக்கிச் சட்டகப் புவியிணைப்பு

ஒலிபெருக்கிச் சட்டகப் புவியிணைப்பு என்பது ஒலிபெருக்கியின் உலோகச் சட்டகத்தை ஒரு கம்பி வழியாகப் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயர்) புவி முனையுடன் இணைப்பதாகும். இதனால் இரைச்சல் குறைந்து ஒலி தெளிவடையும் என்று ஒலி ஆர்வலர் சிலர் கருதுகின்றனர். சாதாரண இயங்குசுருள் ஒலிபெருக்கியில் செவிக்குப் புலப்படும் மாற்றத்தை மின்னியல் கணக்கு காட்டுவதில்லை. எனினும் சில கருவிகளில் இவ்விணைப்பு பாதுகாப்புக்குத் தேவையானது. வேறு சிலவற்றில் தீங்காகலாம்.

அமைப்பு

இன்றைய இயங்குசுருள் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதில் கூம்புடன் ஒட்டப்பட்ட குரல்சுருள் காந்த இடைவெளியில் அசைகிறது. எஃகு, அலுமினியம் அல்லது நெகிழியாலான சட்டகம் கூம்பையும் காந்தத்தையும் தாங்குகிறது. சுருள் கம்பியின்மீது மின்காப்புப் பூச்சு இருப்பதால், சட்டகம் மின்சுற்றின் பகுதி அன்று.

ஒலித்தரத்தில் விளைவு

சுருளுக்கும் அதனைச் சூழ்ந்த உலோகத்துக்கும் இடையே சிறிய மின்தேக்குத்திறன் உண்டு. அது 1,000 பைக்கோபாரடு எனக் கொண்டால், 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 8,000 ஓம் ஆகும். சுருளின் மின்மறுப்போ பெயரளவில் 8 ஓம். எனவே சட்டகம் வழியே கசியும் மின்னோட்டம், சுருளில் பாய்வதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிர்வெண் குறையும்போது அது மேலும் குறையும். பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு மிகக் குறைவாதலால், இக்கசிவு சுருளின் மின்னழுத்தத்தை மாற்றுவதில்லை; வெளியிலிருந்து புகும் இரைச்சலும் அடங்கிவிடும்.

காந்த உலோகத்தில் தோன்றும் சுழல் மின்னோட்டங்கள் உலோகத்துக்குள்ளேயே சுற்றுவன. புவிக்கம்பி அவற்றைத் தடுக்காது.

ஒலிவாங்கியின் நிலை வேறு. அதன் குறிப்பலை சில மில்லிவோல்ட் அளவினதே. அது பன்மடங்கு பெருக்கப்படுவதால், அங்கு கவசமும் புவியிணைப்பும் இன்றியமையாதவை.

பாதுகாப்பு

* பழைய வால்வு வானொலிகளில் சில ஒலிபெருக்கிகள் நிலைக்காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தச் சுருளைக் கொண்டிருந்தன. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருக்கக்கூடும். காப்பு பழுதானால் சட்டகத்தைத் தொடுவது ஆபத்து.
* வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இயங்கும், மூன்று முனைச் செருகி கொண்ட ஒலிபெருக்கிப் பெட்டிகளின் புவி இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.
* பால இணைப்புப் பெருக்கிகளில் இரு வெளியீட்டு முனைகளும் புவியிலிருந்து விலகியவை. சுருளின் காப்பு தீய்ந்து சட்டகத்தைத் தொட்டால், புவியிணைத்த சட்டகம் குறுக்குச்சுற்றை ஏற்படுத்திப் பெருக்கியைப் பழுதாக்கலாம்.

சோதித்தல்

கம்பி இணைத்திருப்பதை அறிந்து கேட்பவருக்கு, எதிர்பார்ப்பே வேறுபாடாகத் தோன்றலாம். ஆகவே ஒலியளவைச் சமமாக வைத்து, இணைப்பு உள்ளதா இல்லையா என்பதைக் கேட்பவரும் சோதனை நடத்துபவரும் அறியாதவாறு பலமுறை மாற்றிக் கேட்பதே முறையான சோதனையாகும்.